எழுதிய விடையும் நம்பிய விடையும்

பௌதிகத்தின் முதற் பாடங்களைப் பயின்று தேறிய மாணாக்கன் உண்மையில் எதைக் கற்றான் என்பது ஆசிரியர்களின் கவலை, மற்றவர்க்கு அதில் வேலையில்லை என்று பலர் எண்ணுவர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஒன்றை மெய்யென்று தாளில் எழுதிவிட்டு, அதற்கு நேர்மாறானதை மெய்யென்று மனத்திற் கொண்டு வாழ்வது குற்றமா, அறியாமையா, அல்லது பிறர் செய்த குற்றத்தின் பயனா என்னும் ஒழுக்க வினா அதற்குள் மறைந்து கிடக்கிறது. அதனை ஈண்டு ஆராய விழைகிறோம். இன்றைய பாடநூல்கள் பௌதிகத்தை இயற்பியல் என வழங்குகின்றன. பழகிய சொல்லையே நாம் ஆளுகிறோம், பொருள் ஒன்றே.

அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மஸூர் என்னும் பேராசிரியர் 1984 முதல் தொடக்கநிலைப் பௌதிகம் கற்பித்து வந்தார். அவருடைய விரிவுரைகளை மாணவர்கள் மெச்சினர். கடினமான கணக்குகளையும் செய்து முடித்தனர். தாம் நல்லாசிரியர் என்று அவர் நம்பியதில் வியப்பில்லை. 1990-ஆம் ஆண்டில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஹலூன், ஹெஸ்டீனஸ் என்னும் இருவர் 1985-இல் வெளியிட்டிருந்த ஆய்வுரைகளைக் கண்ணுற்று, அவற்றிற் கண்ட வினாக்களைத் தம் வகுப்பிற்குக் கொடுத்துப் பார்த்தார். கணக்கிடவே வேண்டாத எளிய வினாக்கள் அவை. தம் மாணவர்க்கு இவை விளையாட்டு என்பது அவர் எண்ணம். அவ்வேளையில் மாணாக்கர் ஒருவர், இவற்றிற்கு நீங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதுவதா என்னும் கருத்துப்படக் கேட்டார்.

இக் கேள்வியை வாசகர்கள் ஒரு முறைக்கு இரு முறை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். பாடம் ஓரிடத்தில் இருக்கிறது; தம் எண்ணம் வேறோரிடத்தில் இருக்கிறது; இரண்டும் ஒன்றல்ல என்பதை அம் மாணாக்கர் அறிந்திருந்தார். அறிந்ததோடு நில்லாது வாய்விட்டும் கேட்டார். வகுப்பில் இருந்தோருள் மிக நேர்மையானவர் அவர் என்றே நாம் கருதுகிறோம்.

அவ் வினாக்கள் எத்தகையன? பின்னர் 1992-இல் ஹெஸ்டீனஸும் அவருடன் உழைத்தோரும் 29 வினாக்கள் கொண்டதொரு வினாத்தாளை அச்சிட்டனர். 1995-இல் அது திருத்தப்பெற்று 30 வினாக்களாயிற்று. உலகின் பல நாடுகளில் அது கையாளப்படுகிறது. அதிலுள்ள ஒரு வினாவின் பொருள் இது. பெரிய லாரியொன்றும் சிறிய காரொன்றும் நேருக்கு நேர் மோதுகின்றன. மோதும் வேளையில் லாரி காரைத் தாக்கும் விசை மிகுதியா, கார் லாரியைத் தாக்கும் விசை மிகுதியா, இரண்டும் சமமா? ஒவ்வொரு தாக்குதலுக்கும் சமமான எதிர்த் தாக்குதல் உண்டு என்னும் நியூட்டனின் மூன்றாம் விதியை ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்பிக்கும் மாணவனே, லாரியின் விசைதான் பெரிது என்று இவ் வினாவிற்கு விடையெழுதுகிறான். கார் நொறுங்குவதைக் கண்ணாற் காண்கிறோமே, விசை எப்படிச் சமமாகும் என்பது அவன் வாதம். சமமான விசையே காரின் சிறிய நிறையின் மேல் பெரிய முடுக்கத்தை விளைவிக்கிறது; 10,000 கிலோ லாரிக்கும் 1,000 கிலோ காருக்கும் இடையே முடுக்கம் பத்து மடங்கு வேறுபடும், விசை வேறுபடாது. இதை அவன் வேறொரு பக்கத்தில் கணக்காகச் செய்துமிருப்பான்.

மஸூர் மற்றொரு சோதனையும் செய்து பார்த்தார். மின்கலங்களும் தடைகளும் பின்னிய சிக்கலான சுற்றொன்றைக் கொடுத்து, மின்னோட்டத்தைக் கணக்கிடுக என்றார். அதனோடு ஒரே மாதிரியான மூன்று பல்புகளை வரிசையாக இணைத்த எளிய சுற்றொன்றையும் கொடுத்து, ஸ்விட்சை மூடினால் எந்தப் பல்பு பிரகாசிக்கும், எது மங்கும் எனக் கேட்டார். முதற் கணக்கைத் திறமையாகச் செய்த பலர் இரண்டாவதில் தடுமாறினர். மூன்றாம் பல்பின் இரு முனைகளையும் ஒரு கம்பியால் நேரே இணைத்துவிட்டால் அது அணைந்துபோகும். முன்பு மூன்றில் ஒரு பங்கு மின்னழுத்தம் பெற்ற மற்ற இரண்டும் இப்போது பாதி பெறும். ஆகவே அவை கூடுதலாக ஒளிரும். வீட்டில் மின்சாரப் பழுது பார்க்க வருகிறவர் ஒரு நொடியில் கூறத்தக்க விடை. கடினமானதைச் செய்ய இயன்றவர்க்கு எளியது ஏன் இயலவில்லை? முதலாவதற்கு ஒரு செய்முறை உண்டு. அதை மனனம் செய்யலாம். இரண்டாவதற்கு மனனம் உதவாது. மின்னோட்டம் எங்கே போகிறது என்று மனக்கண்ணால் பார்த்தாக வேண்டும்.

இனி, இன்னும் பழைமையான ஒரு செய்திக்கு வருவோம். கல்லொன்றைச் செங்குத்தாக மேல்நோக்கி எறிகிறோம். கையை விட்டு நீங்கிய பின்பு, அது மேலே போய்க்கொண்டிருக்கையில் அதன்மேல் செயற்படும் விசைகள் யாவை? காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், புவியீர்ப்பு ஒன்றே என்பது பௌதிகம் தரும் விடை. மேலே ஏறும்போதும், உச்சியில் ஒரு கணம் நிற்கும்போதும், இறங்கும்போதும் முடுக்கம் கீழ்நோக்கி நொடிக்கு நொடி 9.8 மீட்டரே. ஆனால் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எறிந்த கையின் விசை கல்லோடு கூடவே போகிறது, போகப் போகக் குறைகிறது, அது தீர்ந்ததும் கல் விழுகிறது என்பர். உச்சியில் இரு விசைகளும் சமம் என்று சிலர் நுட்பமாகவும் சொல்வர்.

இவ் விடையைக் கேட்டு நகைப்பது தகாது. இது மூடர் கருத்தன்று. மிகப் பெரிய அறிஞர்களின் கருத்து. வில்லினின்று நீங்கிய அம்பின் முதல் அசைவு நாணின் உந்தலால் உண்டாகிறது, அவ் அசைவால் அம்பில் ஒரு வேகம் பதிகிறது, அப் பதிவே அதை மேலும் செலுத்துகிறது, அது இல்லாதொழிந்தபோது கனத்தினால் அம்பு விழுகிறது என்று கணாதரின் வைசேடிக சூத்திரம் கூறுகிறது. பிரசஸ்தபாதர் இதனை இன்னும் விளக்கி, அப் பதிவைச் சம்ஸ்காரம் மூன்றனுள் ஒன்றாக வகுத்தார். மணிமேகலை வஞ்சி மாநகரில் செவிமடுத்த சமயக் கொள்கைகளுள் வைசேடிகமும் ஒன்றாதலின், இப் பெயர் நம் வாசகர்க்குப் புதிதன்று. அலெக்சாந்திரியாவில் 6-ஆம் நூற்றாண்டில் பிலோபோனஸ் இதை ஒத்ததொரு கருத்தைக் கூறினார். 11-ஆம் நூற்றாண்டில் இப்னு சீனாவும், 14-ஆம் நூற்றாண்டில் பாரிசில் பூரிதானும் தத்தம் முறையில் அதை வளர்த்தனர். கலிலியோவே இளமையில் இதைச் சார்ந்த கருத்தினராக இருந்தார். நியூட்டனின் பெருநூல் 1687-இல் வெளிவந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறிவுடையோர் கொண்டிருந்த ஒரு கருத்தை, பதினாறு வயதுப் பிள்ளை ஒரு வாரத்தில், நாற்பது நிமிட வகுப்பு ஐந்தில், விட்டொழிப்பான் என எதிர்பார்க்கிறோம். எதிர்பார்ப்பதோடு நில்லாமல், விட்டொழித்துவிட்டான் என்று சான்றிதழும் வழங்குகிறோம்.

இப்போது ஒழுக்க வினாவை எடுத்துக்கொள்வோம். தான் நம்பாததை விடைத்தாளில் எழுதுகிற மாணவன் பொய் சொல்கிறானா?

பொய் என்பது ஏமாற்றும் நோக்கோடு கூறுவது. இங்கே அந்த நோக்கம் இல்லை. கல்லின்மேல் செயற்படும் விசைகள் யாவை என்று வினாத்தாள் கேட்கிறது. ஆனால் கேட்பவரும் எழுதுபவரும் அவ் வினாவை வேறு விதமாகவே பொருள் கொள்கின்றனர். கல்லின்மேல் செயற்படும் விசைகள் யாவை என்று புத்தகம் சொல்லுகிறது என்பதே உண்மையில் கேட்கப்பட்ட வினா. புத்தகம் சொல்வதை அவன் சரியாகவே எழுதுகிறான். ஆதலின் அவனைப் பொய்யன் எனல் பொருந்தாது. இருவருக்கும் இடையே எழுதப்படாத உடன்படிக்கை ஒன்று இருக்கிறது: கல்லைப்பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று நான் கேட்கமாட்டேன், நீயும் சொல்லாதே.

வரி ஏய்க்கும் வணிகர் இரண்டு கணக்குப் புத்தகம் வைத்திருப்பது உண்டு. அதிகாரிக்குக் காட்டுவது ஒன்று, தாம் வைத்துக்கொள்வது ஒன்று. அவ் வணிகர் குற்றவாளியாயினும், எது மெய்க்கணக்கு என்பதை அறிந்தவர். நம் மாணவனோ இரண்டு புத்தகம் வைத்திருப்பதையே அறியான். அதிகாரிக்குக் காட்டிய புத்தகம் அச்சுக்குப் போய்ச் சான்றிதழாகத் திரும்பி வருகிறது. அன்றாட வாழ்வை மற்றப் புத்தகம் நடத்துகிறது. இது குற்றமன்று எனினும் கேடு என்பதில் நமக்கு ஐயமில்லை. கேடு அவனுக்கே வந்து சேர்கிறது.

ரிச்சர்டு ஃபெயின்மன் 1951-52-இல் பிரேசில் நாட்டில் கற்பித்தபோது கண்டதைப் பின்னர் நூலில் எழுதியுள்ளார். ஒளி எந்தக் கோணத்தில் எதிரொளித்தால் தளவிளைவு அடையும் என்பதை மாணவர்கள் இலக்கணம்போல் ஒப்பித்தனர். ஜன்னலுக்கு வெளியே கடல் நீர் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அந் நீரும் ஒளியை எதிரொளிக்கும் ஒரு பொருள் என்பது அவர்களுக்குத் தோன்றவேயில்லை. கையிலிருந்த தளவிளைவுத் தகட்டின் வழியே கடலைப் பார்த்துத் தகட்டைத் திருப்புங்கள் என்று அவர் கூறிய பின்னரே, ஒளி மாறுவதைக் கண்டு வியந்தனர். சூத்திரத்தில் ‘ஊடகம்’ என்ற சொல் இருந்தது. ‘கடல்’ என்ற சொல் இல்லை. இதைப் படிக்கும்போது பிரேசில் என்ற பெயரை அடித்துவிட்டு நம் ஊர்ப் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்று நமக்குத் தோன்றியது.

இது ஓர் ஆசிரியர் அல்லது ஒரு நாட்டின் குறை அன்று. ரிச்சர்டு ஹேக் என்பவர் 1998-இல் 62 வகுப்புகளில் பயின்ற 6,542 மாணவர்களின் விடைகளைத் தொகுத்து வெளியிட்டார். பாடத்திற்கு முன் அறியாதிருந்தவற்றுள் எத்தனை பங்கைப் பாடத்தின் முடிவில் கற்றனர் என்பதே அவர் கொண்ட அளவு. ஆசிரியர் பேச மாணவர் கேட்கும் பழைய முறையில் நடந்த 14 வகுப்புகளில் சராசரி 23 விழுக்காடு. மாணவர் தமக்குள் வாதிட்டும், கைப்பட முயன்றும் கற்ற 48 வகுப்புகளில் 48 விழுக்காடு. பின்னதுங்கூடப் பாதியை எட்டவில்லை என்பதைக் கவனிக்க. அதே 1998-இல் ரெடிஷ் முதலியோர் வெளியிட்ட வேறோர் ஆய்வு இன்னும் மனத்தை வருத்துவது. முதற் பருவப் பௌதிகத்தை முடித்த மாணவரிடையே, இப் பாடத்திற்கும் உலகிற்கும் தொடர்பு உண்டு என்பன போன்ற எண்ணங்கள் வளர்வதற்கு மாறாகத் தேயும் போக்கே காணப்பட்டது. கற்கப் போனவர், கற்பதற்கு முன் இருந்ததையும் இழந்து திரும்பினர் எனலாம்.

இங்கே நம் அன்பர் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கக்கூடும். ஐயா, இவையெல்லாம் வயிறு நிறைந்தோர் பேச்சு. எங்கள் பிள்ளை குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கிறான். அவன் மதிப்பெண்ணை நம்பி நான்கு உயிர்கள் இருக்கின்றன. கல்லின்மேல் விசை இருக்கிறதா இல்லையா என்று அவன் உட்கார்ந்து சிந்தித்தால், நிமிடத்திற்கு ஒரு வினா என்று ஓடும் நுழைவுத் தேர்வில் பின்தங்கிப் போவான். மனனம் செய்தாவது முன்னேறட்டும், விளங்கிக்கொள்வது பிறகு ஆகட்டும் என்பார்.

இவ் வாதத்தை நாம் எளிதாகத் தள்ளமாட்டோம். எழுத்தறிவே மறுக்கப்பட்ட தலைமுறைகளின் வழிவந்தோர்க்கு, மதிப்பெண் என்பது வெறும் எண் அன்று. அது கதவின் சாவி. அச் சாவியை எறிந்துவிடு என்று எவரும் அறிவுரை கூறுதல் அறமாகாது. ஆயினும் இவ் வாதத்திலேயே ஓர் அநீதி வெளிப்படுகிறது. ஐயுறுவதற்கும், தவறாக விடை கூறித் திருத்திக்கொள்வதற்கும், ஒரே வினாவை ஒரு மாலை முழுதும் உருட்டிக்கொண்டிருப்பதற்கும் வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு நேரம் உண்டு. ஏழைப் பிள்ளைக்கு விடை மட்டும் கொடுக்கப்படுகிறது. அறிவில் மேலான பங்கு ஒருவருக்கும், அதன் உமி மற்றவர்க்கும் என்று பிரித்துக் கொடுக்கும் பழைய பங்கீடு, புதிய உடையில் நம் வகுப்பறைக்குள் வந்து அமர்ந்திருக்கிறது. பிறகு விளங்கிக்கொள்ளட்டும் என்கிறோமே, அந்தப் பிறகு எந்த ஆண்டில் வருகிறது? வேலை கிடைத்த பின்பு பதினோராம் வகுப்புப் பௌதிகத்தைத் திறந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

ஏழைக் கிராமத்துப் பிள்ளைகளும் விளங்கிக் கற்க இயலும் என்பதற்கு நம் இந்திய நாட்டிலேயே சான்று இருந்தது. மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியற் கல்வித் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர் கிராம மையம் என்னும் இரு நிறுவனங்கள் அதைத் தொடங்கின. தில்லிப் பல்கலைக்கழகத்தாரும் டாட்டா ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளும் துணைநின்றனர். 1978-இல் மாவட்டம் முழுவதிற்கும் பரவியது; 1982-இல் ஏகலவ்யா என்னும் நிறுவனம் உருவாகி அதைப் பொறுப்பேற்றது. பிள்ளைகள் தாமே சோதனை செய்து, கண்டதை எழுதினர். தேர்வுக்குப் புத்தகத்தையும் குறிப்பேட்டையும் கொண்டு செல்லலாம். இச் செய்தியைக் கேட்டதும் பலர் திடுக்கிடுவர். புத்தகம் கையில் இருக்கும்போது புத்தகம் என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு இடமேது? நீ என்ன கண்டாய், ஏன் அவ்வாறு நினைக்கிறாய் என்று கேட்டே தீர வேண்டும். மேலே நாம் கூறிய எழுதப்படாத உடன்படிக்கை அங்கே முறிந்தது. முப்பது ஆண்டுகள் நடந்த அத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. அதைப் பற்றிய வாதங்கள் பலவாயினும், ஏனைய மாவட்டத்தார் படிக்கும் பாடநூலை எங்கள் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பெற்றோரின் அச்சத்தை நாம் குறை கூறோம். அச்சத்தையே அளவுகோலாக்கிய அரசை மெச்சவும் மாட்டோம்.

இன்னொரு தடையும் உண்டு. இது நம் வாசகர்க்கு மிக நெருங்கியது. பிறர் சொன்னார் என்றோ, மரபென்றோ, நூலில் உள்ளதென்றோ ஒன்றை ஏற்க வேண்டாம் என்று காலாமர்க்கு உரைக்கப்பட்ட அறிவுரையை நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். அப்படியானால் புத்தகத்தை நம்பாமல் தன் அனுபவத்தை நம்பி, கையின் விசை கல்லோடு போகிறது என்று கூறும் மாணவன் அன்றோ அவ் அறிவுரைப்படி நடப்பவன்? தள்ளுகிறவரை வண்டி ஓடுகிறது, தள்ளுவதை விட்டால் நிற்கிறது என்பதை அவன் ஆயிரம் முறை கண்டிருக்கிறான். நியூட்டனின் முதல் விதியோ, தள்ளுவாரின்றியே பொருள் ஓடிக்கொண்டிருக்கும் என்கிறது. அதை அவன் எங்கே கண்டான்?

இங்கேதான் பலர் அவ் அறிவுரையைப் பாதியோடு நிறுத்திவிடுகின்றனர். தான் முன்பே கொண்டிருக்கும் கருத்துக்கு ஒத்திருக்கிறது என்பதாலும் ஒன்றை ஏற்க வேண்டாம் என்பது அதே பட்டியலில் அடங்கியது. நூலின்மேல் பற்று வைப்பது போலவே, தன் எண்ணத்தின்மேல் பற்று வைப்பதும் ஆராயாமையே. அனுபவம் என்று நாம் கூறுவது பெரும்பாலும், அனுபவத்தைப் பற்றி நாம் கட்டிக்கொண்ட கதை. கதையை நீக்கி அனுபவத்தை மட்டும் பார்ப்பது எளிதன்று.

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். வட ஆர்க்காட்டுப் பகுதியினின்று சென்ற தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே பாடுபட்டன. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலாக ஆழ்ந்த அச் சுரங்கங்களில் 1965-இல் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டனர் என்பதைப் பௌதிக வரலாறு பெருமையோடு பேசுகிறது. நாம் கூறவந்தது அதுவன்று. ஆட்களை ஏற்றி இறக்கிய கூண்டைப் பற்றி. கூண்டு ஒரே வேகத்தில் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. உராய்வையும் கயிற்றின் சொந்த எடையையும் ஒதுக்கிப் பார்த்தால், கயிறு இழுக்கும் விசை கூண்டின் எடையைவிடப் பெரிதா, சமமா? இதனை ஒத்ததொரு வினா மேற்கண்ட அமெரிக்க வினாத்தாளிலும் இருக்கிறது. பெரிது, இல்லையேல் எப்படி மேலே போகும் என்பதே பெரும்பாலோர் விடை. சமம் என்பதே சரி.

கூண்டில் ஏறி இறங்கிய முதியவரைக் கேட்டால், புறப்படும் நொடியில் முழங்கால் அமுங்கியதையும், நிற்கப்போகும் நொடியில் உடல் இலேசானதையும் சொல்வார். இடையில் எப்படி இருந்தது? தரையில் நிற்பது போலவே இருந்தது. இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்? வேகம் மாறும்போது மட்டுமே கால் வேறுபாட்டை உணர்ந்தது. ஒரே வேகத்தில் போகையில் எதையும் உணரவில்லை. முழங்கால் நியூட்டனின் பக்கம். மேலே போவதற்குக் கூடுதல் விசை வேண்டும் என்று மனம் கட்டிய கதைதான் எதிர்ப்பக்கம். அம் முதியவர் பள்ளிக்குப் போகாதவராக இருக்கலாம். விதியின் பெயர் அவருக்குத் தெரியாது. பேரன் விதியின் பெயரை அறிவான். பாட்டனாரின் முழங்காலை எந்த ஆசிரியரும் அவனுக்குப் பாடமாக்கவில்லை.

மஸூர் தம் வகுப்பை மாற்றிக்கொண்ட முறையும் இவ்வழிப்பட்டதே. சிறிது நேரம் பேசுவார்; ஒரு வினாவை வைப்பார்; ஒவ்வொருவரும் தனியே எண்ணி விடையைத் தெரிவிக்க வேண்டும். பின் அருகில் இருப்பவரோடு வாதிட்டு, மீண்டும் விடை கூற வேண்டும். சற்று முன்புதான் விளங்கிக்கொண்ட ஒரு மாணவன், தான் எங்கே இடறினான் என்பதை நினைவில் வைத்திருப்பதால், பேராசிரியரைவிடத் தெளிவாகத் தோழனுக்கு விளக்கிவிடுகிறான். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. நம் சங்கங்களின் மாலை வகுப்புகளிலும் செய்யலாம். முதலில் தன் எண்ணத்தைத் தவறானாலும் வெளியே வைக்க வேண்டும் என்பதொன்றே நிபந்தனை. வெளியே வராத கருத்தைத் திருத்த முடியாது. தவறாகச் சொன்ன பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற வகுப்பில் இது நடவாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அப்படிக் கற்றாலும் பழைய கருத்து அடியோடு மறைந்துபோகும் என்று நம்புவதற்கில்லை. ஷ்டுல்மன், வால்கார்செல் என்போர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அறிவியல் பயின்ற பெரியோர்களிடம் சிறு வாக்கியங்களைக் காட்டி மெய்யா பொய்யா எனக் கேட்டனர். பாமரக் கருத்தும் அறிவியலும் ஒத்துப்போகும் இடங்களில் உடனே விடை வந்தது. இரண்டும் முரண்படும் இடங்களில் விடை தாமதித்தது, பிழையும் மிகுந்தது. பழைய கருத்து இறக்கவில்லை, அமுக்கப்பட்டிருக்கிறது என்பதே அவர்கள் கண்ட முடிவு. ஒரு நம்பிக்கையை விட்டு மற்றொன்றை மேற்கொண்டவர்கள் இதைக் கேட்டு வியப்படையமாட்டார்கள். உறுதிமொழி கூற ஒரு நாள் போதும். அதற்குப்பின் நள்ளிரவில் பல்லி ஒலிக்கும்போது மனம் என்ன செய்கிறது என்பது வேறு.

இக் கேட்டினால் யாருக்கு என்ன நட்டம், சான்றிதழ் வந்துவிட்டதே என்பார்க்கு ஒரு கணக்கைக் காட்டுகிறோம். சடத்துவம் என்று முன்னாளிலும் நிலைமம் என்று இன்றும் பெயர் பெற்ற பாடம் யாவரும் படித்ததே. ஒரு தந்தை, பொறியியற் பட்டதாரி, காரின் முன் ஆசனத்தில் அமர்ந்து தம் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகிறார். கெட்டியாகப் பிடித்திருக்கிறேன் என்பது அவர் நம்பிக்கை. 2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம் பதினான்கு வயதிற்குட்பட்ட குழந்தையைப் பட்டையாலோ குழந்தைக்குரிய காப்பு இருக்கையாலோ பிணைக்காமல் ஓட்டுவதற்கு ஆயிரம் ரூபாய் அபராதம் விதிக்கிறது. அதை அவர் போலீசாரின் தொல்லை என்றே கருதுகிறார். வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அஃதாவது நொடிக்கு 11.1 மீட்டர். எதிரே ஒன்றில் மோதி 60 சென்டிமீட்டருக்குள் நிற்கிறது என்று கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தை, நின்ற தூரத்தின் இரு மடங்கால் வகுக்க, நொடிக்கு நொடி ஏறத்தாழ 103 மீட்டர் வேகம் குறைகிறது. குழந்தையின் நிறை 10 கிலோ. அதனை நிறுத்திப் பிடிக்க வேண்டிய விசை 1,030 நியூட்டன். நூற்றைந்து கிலோ மூட்டையைத் திடீரெனக் கையில் ஏந்துவதற்கு ஒப்பு. எந்தத் தந்தையின் கையும் அதைத் தாங்காது.

இக் கணக்கைப் போட அவருக்குத் தெரியும். வேகம், தூரம், நிறை மூன்றையும் கொடுத்து விசையைக் காண்க என்று பதினோராம் வகுப்பில் கேட்டார்கள். முழு மதிப்பெண்ணும் பெற்றார். அவ் வினாவில் ‘10 கிலோ நிறையுள்ள ஒரு பொருள்’ என்றுதான் அச்சிட்டிருந்தது.